கோடிங் தெரியாதவர் லிப்ரெஆபிஸுக்கு உதவிக்குறிப்பு எழுதலாமா?

கேள்வி: சைதாப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தினமும் லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டரில்தான் டைப் அடிக்கும் வேலை. கோடிங் தெரியாது. அதன் உதவிப் பக்கங்களை எழுத நானும் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். புதியவர் எங்கே தடுமாறுவார் என்பது நிரல் எழுதியவர் கண்ணுக்குச் சட்டென்று படாது. நாளெல்லாம் அதில் டைப் அடிக்கும் உங்களுக்குத்தான் படும்.

ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் போன்ற மொழிகளுக்கு 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) என்ற பெயரில் தனியாக இன்னொன்றும் வைத்திருக்கிறது, காரணம் அதுதான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்பில் அதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுத்தால், ரைட்டர் பகுதியில் 'பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)' கிடைக்கும். தமிழ் எழுத்துருவை அங்கே மாற்ற வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புக்கு இது பலிக்காது. அதில் இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள். திரையில்தான் தமிழாகத் தெரிகின்றன. இப்படிப்பட்ட விவரத்துக்காகத்தான் உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும் என்கிறோம்.

எழுதும்போது ஒரு படிக்கு ஒரு செயல் போதும். அதைச் செய்ததும் திரையில் என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பதிப்பு எண் கட்டாயம் வேண்டும். 'ஹெல்ப்' மெனுவில் 'அபௌட்' பார்த்தால் தெரியும். முன்பு 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்றிருந்தது இன்று 'லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ்' ஆகிவிட்டது. எண் இல்லாவிட்டால் படிப்பவர் இல்லாத மெனுவைத் தேடிக்கொண்டிருப்பார். எழுதியதைக் கடைப்பையனிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் நிற்கும் இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

அனுப்புவதற்கு, லிப்ரெஆபிஸை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லா என்ற பிழை பதியும் தளத்தில் கணக்குத் தொடங்கி 'டாக்குமென்டேஷன்' பிரிவில் பதியுங்கள்: எந்தப் பக்கம், அதில் என்ன இருக்கிறது, உண்மையில் என்ன நடக்கிறது. எளிய ஆங்கிலத்தில் நாலு வரி போதும். தமிழில்தான் எழுத விருப்பம் என்றால் வெப்லேட் என்ற அவர்களுடைய மொழிபெயர்ப்புத் தளத்தில் உதவிப் பக்கங்களை மொழிபெயர்க்கலாம். அங்கே கோண அடைப்புக்குள் (< >) வரும் குறிகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் பக்கத்தின் அமைப்பு குலையும்.

வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள், உரிமச் சிக்கல் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வாடிக்கையாளரின் கோப்பும் வேண்டாம். ஆதார் எண்ணோ முகவரியோ தெரியாமல் உள்ளே போய்விடும். புதுக் கோப்பு திறந்து ஏதாவது நாலு வரி அடித்து அதைப் படமெடுங்கள்.