தோற்றவர்கள் காப்பாற்றித் தந்த ஆட்டங்கள்

உள்ளூர் சதுரங்கக் கிளப் உறுப்பினர்கள் ஆடிய ஆட்டங்களில் மறக்க முடியாதவை எவை, அவை மட்டும் ஏன் மறக்காமல் நிற்கின்றன என்பது கேள்வி. சிறிய கிளப் ஒன்றில் நெடுங்காலமாக உறுப்பினராக இருந்துவரும் எனக்கு, கேள்வியின் இரண்டாம் பகுதிதான் சுவையானதாகப் படுகிறது. எங்கள் கிளப்பின் மிக வலுவான ஆட்டக்காரர் ஆடுவதெல்லாம் பிழையற்ற ஆட்டம். நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயைக் கைப்பற்றுவார், ராணிகளை மாற்றிக்கொள்வார், எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராமல் இறுதியாட்டத்தை முடித்துவிடுவார். அவற்றில் ஒன்றையாவது நினைவிலிருந்து பலகையில் போட்டுக்காட்டச் சொன்னால் எங்களில் எவராலும் முடியாது. அவராலேயே முடியுமா என்பதும் ஐயம்தான். ஆண்டுக்கணக்கில் பேசப்படும் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், தோற்றவரோ, வெற்றியைக் கைநழுவ விட்டவரோ நடந்துகொண்ட விதமே அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் கணிப்பு.

எங்கள் கிளப்பில் இன்றும் புதியவர்களுக்குப் போட்டுக்காட்டப்படும் ஆட்டம் ஒன்று உண்டு. பள்ளி மாணவி ஒருத்தி வெள்ளைக் காய்களுடன், அவளைவிட மிகவும் தேர்ந்த நடுவயது உறுப்பினர் ஒருவரை எதிர்த்து ஆடினாள். அவருடைய ராஜா ஜி8 கட்டத்தில் இருந்தது (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்); யானை இ8ல் நின்றது; அவளுடைய குதிரை ஜி5ல் ஏறியிருந்தது. அவள் ராணியை சி4க்குக் கொண்டுவந்து செக் வைத்தாள். ராஜா எச்8 மூலைக்குப் போயிற்று. குதிரை எஃப்7ல் செக் கொடுக்க, ராஜா மீண்டும் ஜி8க்கு வந்தது. குதிரை எச்6க்குத் தாவியபோது, குதிரையும் அதன் பின்னால் திறந்த வழியில் ராணியுமாக ஒரே நேரத்தில் செக் விழுந்தது. இதற்குப் பின் என்ன வரும் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்; 1497ல் வெளிவந்த, ஸ்பானியரான லூசெனாவின் சதுரங்க நூலிலேயே இருக்கும் பழைய பொறி அது. ஆனால் எங்களில் எவருக்கும் அது உண்மையான ஆட்டத்தில் வாய்த்ததில்லை. அந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவது அவருக்கு மிக எளிது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள். அவர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், ராஜாவை மூலையில் வைத்தார், கடிகாரத்தை அழுத்தினார். அவள் ராணியைக் கொண்டுபோய் ஜி8ல், ராஜாவுக்கு ஒட்டினாற்போல் வைத்தாள். குதிரையின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். அவர் யானையால் வெட்டினார். குதிரை மறுபடியும் எஃப்7ல் வந்து அமர, தன் காய்களாலேயே சூழப்பட்ட ராஜா அசைய இடமின்றி மேட் ஆயிற்று. “நல்லா ஆடினம்மா” என்று கைகொடுத்துவிட்டு, பக்கத்துப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தவர்களை அவரே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நகர்த்தல்களுக்கு முன் அவர் எழுந்துபோயிருந்தால், அது கணக்கில் ஒரு புள்ளியாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

இதே பெருந்தன்மைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டும் ஒரு கிளப் ஆட்டம்தான். 1912ல் லண்டனில், சிட்டி ஆஃப் லண்டன் சதுரங்கக் கிளப்பில், எட்வர்ட் லாஸ்கரும் சர் ஜார்ஜ் தாமஸும் பொழுதுபோக்காக ஆடியது அது. (இந்த லாஸ்கர் உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் அல்லர், தொழிலால் பொறியாளர்.) பதினோராவது நகர்த்தலில் லாஸ்கர் தன் ராணியை எச்7 சிப்பாயின்மேல் போட்டு வெட்டக் கொடுத்தார். தாமஸின் ராஜா அதை வெட்டிய நொடியிலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. எச்6, ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2 என்று செக்குக்கு மேல் செக்காக வாங்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் நடந்து, கடைசியில் வெள்ளையின் முதல் வரிசையிலேயே ஜி1 கட்டத்தில் போய் நின்றது. பதினெட்டாவது நகர்த்தலில் லாஸ்கர் தன் ராஜாவை டி2க்கு விலக்கினார். அதுவரை அசையாமல் ஏ1ல் கிடந்த யானைக்கு வழி திறந்தது, மேட். அதே இடத்தில் ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்திருந்தாலும் மேட்தான். எது அழகு என்று இன்றும் இரு கட்சிகள் உண்டு. ராஜா விலகுவதுதான் அழகு என்ற கட்சி நான். தாமஸ் நடுவழியில் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தால் இந்தச் சச்சரவுக்கே இடமில்லை. அவர் சாதாரண ஆட்டக்காரரும் அல்லர். பிற்பாடு 1923லும் 1934லும் பிரிட்டன் சாம்பியன் பட்டம் வென்றவர். பேட்மின்டனின் தாமஸ் கோப்பை அவர் பெயரால் வழங்குவதுதான்.

1851ல் லண்டனில் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் ஆடிய ‘அழிவற்ற ஆட்டம்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு பிஷப், இரண்டு யானைகள், ராணி என எல்லாவற்றையும் கொடுத்து ஆண்டர்சன் வென்ற விதத்தை நான் மறுபடி சொல்லத் தேவையில்லை. அது போட்டி ஆட்டமே அல்ல, போட்டி நடந்துகொண்டிருந்த நாள்களில் வெளியே சும்மா ஆடியது என்பதையும், அதைத் தன் இதழில் அச்சிட்டுப் பரப்பியவர் தோற்ற கீசெரிட்ஸ்கியே என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

வென்றவர் தோற்றவர் என்று பிரிக்க முடியாத ஆட்டம் ஒன்றும் எங்கள் கிளப்பில் உண்டு. பணி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், ஒரு பையனுக்கு எதிராக, இறுதியாட்டத்தில் பிஷப்பும் ஜி, எச் வரிசைகளில் இரண்டு சிப்பாய்களும் வைத்திருந்தார். பையனிடம் ஒரு குதிரை மட்டும்தான் மிச்சம். முடிந்துபோன ஆட்டம் என்று சுற்றி நின்றவர்கள் நகரத் தொடங்கியபோது, பையன் குதிரையை ஜி வரிசைச் சிப்பாய்க்குப் பதிலாகக் கொடுத்துவிட்டு ராஜாவை எச்8 மூலைக்கு ஓட்டிப்போய் உட்கார்த்திவிட்டான். பெரியவருடைய பிஷப் வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. எச்8 கறுப்புக் கட்டம். சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்தைத் தன் பிஷப்பால் தாக்கவே முடியாத நிலையில், மூலையில் இருக்கும் ராஜாவை எந்த வித்தையாலும் வெளியேற்ற முடியாது. நெருக்கினால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியற்றுப்போய் ஆட்டம் டிராவாவது), நெருக்காவிட்டால் அவன் எச்8க்கும் ஜி8க்கும் ஊசலாடிக்கொண்டே இருப்பான். பெரியவர் சற்று நேரம் முயன்று பார்த்துவிட்டு, “தம்பி, இது டிரான்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார். “சிப்பாய் மாத்துனப்பவே தெரியும் சார்” என்றான் பையன். அந்த ஆட்டத்தை இன்று கிளப்பில் சொல்லித்தருபவர் அந்தப் பெரியவர்தான். தவறான நிற பிஷப் என்ற பாடத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். ஒரு முழுக் காயும் ஒரு சிப்பாயும் கூடுதலாக வைத்திருந்தும் வெல்ல முடியாதவரே சொல்லிக் கேட்கும்போது அது ஏறுகிற விதம் வேறு.

இந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்தது சாவேத்ராவின் கதை. 1875ல் போட்டரும் ஃபென்டனும் ஆடி டிரா செய்த ஓர் ஆட்டத்தின் இறுதிநிலையை, போட்டர் மறைந்த 1895ஆம் ஆண்டில், கிளாஸ்கோ இதழ் ஒன்றில் சதுரங்கப் பகுதி எழுதிவந்த பார்பியே நினைவுகூர்ந்து, சற்றே மாற்றி வெளியிட்டார். வெள்ளைக்கு ராஜாவும் ராணியாகப் போகும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். கறுப்பு டிரா செய்துவிடும் என்பது பார்பியேவின் முடிவு. காரணம் நுட்பமானது. சிப்பாய் எட்டாம் வரிசையை அடைந்து ராணியானால், கறுப்பு தன் யானையை சி4ல் வைத்து செக் கொடுக்கும்; ராணி அதை வெட்டியே ஆகவேண்டும்; வெட்டினால் ஏ1 மூலையில் இருக்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமின்றி ஸ்டேல்மேட். அந்த ஊரில் வசித்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவேத்ரா, எளிய கிளப் ஆட்டக்காரர், சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கினால் வெல்லலாம் என்று கண்டுபிடித்தார். யானை சி4ல் வெட்டினால் ஸ்டேல்மேட் ஆகாது. அத்துடன் ஏ8ல் வந்து மேட் வைக்கும் மிரட்டலும் உண்டு. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4க்கு வந்தாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3ல் கால் வைக்க, அந்த யானையும் தாக்கப்படுகிறது, சி1ல் மேட்டும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தடுக்க வழியில்லை. சாவேத்ரா ஆடிய வேறு எந்த ஆட்டத்துக்காகவும் அவரை யாரும் நினைப்பதில்லை. இந்த ஒரு நகர்த்தல் அவர் பெயரை எல்லா இறுதியாட்ட நூல்களிலும் வைத்துவிட்டது. தன் முடிவு பிழை என்று தெரிந்ததும் பார்பியே அதை மறைக்காமல் தன் பகுதியிலேயே வெளியிட்டார். அப்படிச் செய்திராவிட்டால் சாவேத்ராவின் பெயர் கிளாஸ்கோவைத் தாண்டியிருக்காது.

தோற்றவர் ஆட்டத்தைக் காப்பாற்றுவதோடு நிற்காமல் உருவாக்கியும் விட்டாரோ என்று ஐயப்பட வைக்கும் ஆட்டமும் உண்டு. 1920ல் நியூ ஆர்லியன்ஸில் எட்வின் ஆடம்ஸ், தன் மாணவன் கார்லோஸ் டோரேயை வென்றதாக அறியப்படும் ஆட்டத்தில், வெள்ளை ராணி திரும்பத் திரும்ப வெட்டக் கொடுக்கப்படுகிறது; கடைசி வரிசைக் காவல் போய்விடும் என்பதால் கறுப்பால் ஒருமுறைகூட அதை வெட்ட முடிவதில்லை. 1904ல் பிறந்த டோரே பின்னாளில் இமானுவேல் லாஸ்கரையே வென்றவர். தன் ஆசிரியருக்குப் பெருமை சேர்க்க அவரே அந்த ஆட்டத்தைப் புனைந்தார் என்று கருதும் வரலாற்றாளர்கள் உண்டு. உண்மை எதுவாயினும், தன் தோல்வியாக ஓர் ஆட்டத்தை ஊரறியச் சொல்லிக்கொண்ட மாணவர் என்பதால் எனக்கு டோரேமீது தனி மரியாதை.

எங்கள் கிளப்பில் அதிகம் சிரிப்பை வரவழைப்பது, தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியால் விளைந்த ஆட்டம். உள்போட்டி ஒன்றில் ஒருவர் ராஜாப் பக்கம் கேஸ்லிங் செய்ய எண்ணி, முதலில் எச்1 யானையைத் தொட்டுவிட்டார். ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கேஸ்லிங் இல்லை, யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். எதிராளி உடனே கையை உயர்த்தி நடுவரை அழைத்தார். நடுவரும் விதிப்படி தீர்ப்புச் சொன்னார். வேறு வழியின்றி யானை எஃப்1க்குப் போயிற்று. அடுத்த சில நகர்த்தல்களில் அவர் ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்தார், எஃப் வரிசைச் சிப்பாயை முன்னே தள்ளினார். வேண்டாவெறுப்பாக அங்கே போன யானையே அந்தச் சிப்பாய்க்குப் பின்பலமாகி, எதிராளியின் ராஜா இருந்த பக்கத்தை உடைத்துவிட்டது. வழக்கம்போல் கேஸ்லிங் செய்திருந்தால் இந்தத் திட்டம் தனக்குத் தோன்றியே இருக்காது என்று வென்றவரே ஒப்புக்கொண்டார். இந்தக் கதையை எங்கள் கிளப்பில் வாய் ஓயாமல் சொல்லிவருபவர், அன்று கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டவர்.

நீங்களும் உங்கள் கிளப்பின் ஆட்டங்களைத் தொகுக்க எண்ணியிருந்தால், ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பிளிட்ஸ் எனப்படும் மிக விரைவு ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுதும் கட்டாயமே இல்லை. நீண்ட நேர ஆட்டத்தில்கூட, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூட்டித் தரப்படாத போட்டியாக இருந்தால், கடிகாரத்தில் 5 நிமிடத்துக்கும் குறைவாக இருப்பவர் எழுதுவதை நிறுத்திவிடலாம். பேசப்படத் தக்க திருப்பங்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் நிகழ்கின்றன. ஆட்டக் குறிப்புத் தாளிலோ அந்த இடம் வெற்றாக இருக்கும். எனவே ஆட்டம் முடிந்த அன்றே இருவரையும் உட்கார வைத்து, விடுபட்ட நகர்த்தல்களைப் பலகையில் மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அப்போது இருவர் சொல்வதும் மாறுபட்டால், தோற்றவர் சொல்லும் வரிசையை முதலில் போட்டுப் பாருங்கள். எங்கள் கிளப்பில் பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருந்திருக்கிறது.