டீமில் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லி, அதனால் நீங்கள் மாறிய அனுபவம் உண்டா?

உண்டு. தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 ஸ்டாஃப் நர்ஸ்கள்.

இன்சார்ஜ் ஆன புதிதில் மூன்று மாதம் எங்கள் வார்டிலிருந்து ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட் (தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கும் அறிக்கை) கூடப் போகவில்லை. எனக்கு ஏகப் பெருமை. மீட்டிங்கில் "என்கிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்பேன். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். சரி, குறையே இல்லை போல என்று டீ சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் காலை நைட் டியூட்டியிடமிருந்து பொறுப்பை ஓவர் எடுக்கும்போது, ஒரு நோயாளிக்கு இரவு 10 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் பிரிக்காமல் அப்படியே ட்ரேயில் கிடந்தது. சார்ட்டில் அந்தக் கட்டம் காலி. நைட் பார்த்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாபகம் வந்ததும் ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை என்றேன். அழுதுகொண்டே சொன்னாள்: "போன் பண்ணா நீங்க முதல்ல 'யார் டியூட்டி?'ன்னுதான் கேப்பீங்க சிஸ்டர். பேஷன்ட் எப்படி இருக்கார்ங்கிறது அப்புறந்தான்."

சுருக்கென்றது. இரண்டு நாள் மனசுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டேன். போதாததற்கு ஒரு முட்டாள்தனம் வேறு: மற்றவர்களிடம் போய் "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று விசாரித்தேன். யார் சொன்னது என்று வார்டுக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு மாதம் யாரும் என்னிடம் வாயே திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தெரிந்தது. அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகள், எட்டு வார்டுகள். நல்ல டீம் என்று தெரிந்த வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அதனால் வெளியே தெரிந்தது என்பது அவர் விளக்கம். என் மூன்று மாதப் பெருமையை நினைத்து வெட்கமாகிவிட்டது.

இப்போது போனை எடுத்ததும் "பேஷன்ட் எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்கிறேன். பழக நாளானது, நாக்கு பழைய கேள்விக்கே ஓடும். மீட்டிங்கில் பொதுவாகக் குறை கேட்பதையும் விட்டுவிட்டேன். "இந்த வாரம் நான் செஞ்சதுல எது உங்க வேலையைக் கெடுத்துச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன். சொன்னதையெல்லாம் செய்ய முடிவதில்லை. தொடர்ந்து ஆறு நைட் முடியாது, நான்காக்குங்கள் என்றார்கள். ஆள் இல்லை. டியூட்டி லிஸ்டையே கையில் கொடுத்து, போட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்சிடென்ட் ரிப்போர்ட் இப்போது மாதம் ஆறேழு போகிறது. போன வாரம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கூப்பிட்டு, "உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்.