கரண்ட் இல்லாத மலைக்குப் போகிறேன்: பிலிம் கேமராவா, டிஜிட்டலா?

கேள்வி: செப்டம்பரில் பத்து நாள் இமாச்சலத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குப் போகிறேன். பல இடங்களில் கரண்ட் சரியாக இருக்காது என்கிறார்கள். மாமாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 வீட்டில் கிடக்கிறது. அதையே எடுத்துப் போகலாமா, ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிவிடலாமா?

பதில்:

டிஜிட்டல் வாங்குங்கள். மாமாவின் கேமராவும் பையில் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பிலிம் பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை, ஒரு பழைய நிக்கான் எஃப்எம்2-வில் இன்னமும் மாதம் ஒரு ரோலாவது போட்டுக்கொண்டிருக்கிற ஆள்தான் நான்.

"பேட்டரி வேண்டாம், அதனால் மலைக்குப் பிலிம்தான்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் அந்த எஃப்எம்2-வை மட்டும் தூக்கிக்கொண்டு ஸ்பிதி போனேன். சொன்னதில் பொய் இல்லை, அதன் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான், பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் 1/4000 நொடி வேகம் வரை ஓடும், லைட் மீட்டருக்கு மட்டும்தான் பொத்தான் பேட்டரி. உங்கள் கே1000-மும் அதே ஜாதி, வேகம் 1/1000 நொடி வரை.

சரி, என்ன ஆயிற்று? சந்திரதால் ஏரி, 4,200 மீட்டருக்கு மேல், விடிகாலை. கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே புது ரோலை மாட்டினேன். வெளிச்சம் மலை உச்சியிலிருந்து இறங்கி இறங்கித் தண்ணீருக்கு வரும்வரை, ஒவ்வொரு படத்துக்கும் நின்று யோசித்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன். ரோலின் முப்பத்தாறு படமும் முடிந்த பிறகும், பிலிமை நகர்த்துகிற லெவர் தடையில்லாமல் இழுபட்டது. இரண்டு படம் கூடக் கிடைக்கிறதே என்று சந்தோஷம் வேறு! அப்புறம் ரோலைத் திரும்பச் சுற்றக் குமிழைத் திருப்பினால், காற்றைச் சுற்றுகிற மாதிரி இருந்தது. பிலிமின் நுனி, அதைச் சுற்றிக்கொள்கிற ஸ்பூலில் மாட்டவே இல்லை. மொத்த ரோலும் டப்பாவுக்குள்ளேயே தூங்கியிருக்கிறது. டிரைவர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார், அன்றைக்கே ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா போய்ச் சேர வேண்டும். அந்த ஏரிக்கு இன்னும் நான் திரும்பிப் போகவில்லை.

(கே1000-இலும் இதே குமிழ் இடது பக்கம் இருக்கிறது. ரோல் மாட்டியதும் அதை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு, லெவரை இழுக்கும்போதெல்லாம் அது சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை என்று அர்த்தம்.)

அதனால்தான் சொல்கிறேன், தூரத்து ஊரில் கரண்ட் இரண்டாம் பிரச்சினை. எடுத்த படம் விழுந்ததா என்று அங்கேயே தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே மறுநாள் என்று ஒன்று நம் கையில் இல்லை. கரண்டுக்கு வழி இருக்கிறது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் கிட்டத்தட்ட 74 வாட் அவர், கேமரா பேட்டரி ஒன்று 14 முதல் 16 வரை, வழியில் வீணாவது போக மூன்று தடவை தாராளமாக ஏற்றலாம். யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஏறுகிற கேமராவாகப் பார்த்து வாங்குங்கள், கூட இரண்டு பேட்டரி. காஜாவிலும் ஹோம்ஸ்டேக்களிலும் கரண்ட் வந்து போய்க்கொண்டிருக்கும், வரும்போது போட்டுக்கொள்ளலாம்.

குளிர்தான் ஏமாற்றும். அடுத்த முறை டிஜிட்டலோடு ஸ்பிதியின் கீ புத்த மடத்துக்குப் போனபோது பாதிக்கு மேல் காட்டிய பேட்டரி திடீரென்று செத்துவிட்டது. கழற்றி, சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு கால் மணி நேரம் டீ குடித்தேன், திரும்ப உயிர் வந்துவிட்டது. ராத்திரி பேட்டரிகளை ரஜாய்க்குள் (பஞ்சுப் போர்வை) போட்டுக்கொண்டு தூங்குங்கள். கேமராவை மட்டும் குளிரிலிருந்து நேராக அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோய்த் திறக்காதீர்கள், லென்ஸ் உள்ளே வேர்த்துவிடும். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

பிலிமுக்குக் குளிர் பகையே இல்லை. 1897-இல் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்டு மாண்டுபோன ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயின் குழு எடுத்த பிலிம் 33 வருடம் பனியில் கிடந்து 1930-இல் கிடைத்தது. கழுவியதில் 93 படம் தேறியது! பிலிமுக்குப் பகை வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டும் விமான நிலைய எக்ஸ்ரேயும்தான். செக்-இன் பையில் ரோலை வைக்கவே வைக்காதீர்கள், கைப்பையில் தனி உறையில் வைத்து, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பையைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுக்கிற புது சிடி (CT) ஸ்கேனர் என்றால் ஒரே தடவையில் படம் புகை மூட்டம் போட்டுவிடும். உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிலிம் எங்கே ஜெயிக்கும் என்றால், மத்தியான வெயிலில். கீ மடத்தின் வெள்ளைச் சுவர் டிஜிட்டலில் சட்டென்று வெளுத்துப்போகும், கலர் நெகட்டிவ் (பிரிண்ட் போடுகிற வழக்கமான கலர் பிலிம்) அதை அழகாகத் தாங்கும். ஸ்லைடு பிலிம் (கழுவியதும் பிலிமிலேயே நேர்ப்படம் தெரிகிற வகை) தாங்காது, வாங்காதீர்கள். ராத்திரி பால்வீதி எடுக்க ஆசை என்றால் பிலிமை மறந்துவிடுங்கள். செலவும் இருக்கிறது, ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் போட ஆயிரத்தைத் தாண்டும். பத்து நாளைக்கு நான்கு ரோல் போதும், ஆட்களின் முகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தக் கே1000-இன் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் இருக்கிற கறுப்புப் பஞ்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் மாற்றியாக வேண்டும், வெளிச்சம் உள்ளே கசியும். லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்துப் பூஞ்சை இருக்கிறதா என்று கவனியுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்ததில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு ரோல் இங்கேயே எடுத்துக் கழுவிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அதன் லைட் மீட்டருக்கு ஆன்-ஆஃப் பட்டன் கிடையாது, எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள்.