'லார்ட்' என்ற சொல்லுக்கும் ரொட்டிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பிரபு, எஜமான், கடவுள் என்று உயரத்தில் வைத்துச் சொல்லப்படும் 'லார்ட்' ரொட்டியிலிருந்து வந்த சொல்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவம் 'ஹ்லாஃப்வெயார்ட்'. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதுவே. 'வெயார்ட்' என்றால் காவலர். ஆக, ரொட்டியைக் காப்பவர். அந்தக் காலத்திலேயே அது 'ஹ்லாவோர்ட்' என்று சுருங்கிவிட்டது. பிறகு முன்னால் இருந்த 'ஹ்' உதிர்ந்தது, நடுவில் இருந்த 'வ்' கரைந்தது, 'லார்ட்' மிஞ்சியது.

'லேடி'யும் இதே அடுப்படிக்காரிதான். அது 'ஹ்லாஃப்' என்பதோடு மாவு பிசைபவள் என்னும் பொருளுள்ள சொல் சேர்ந்து உருவானது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இன்று சீமாட்டிகளைக் குறிக்கும் சொல்லுக்குள் மாவு ஒட்டிய கை ஒன்று ஒளிந்திருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சொல். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டின் அரசர் ஈதல்பெர்ட் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த சட்டத்தில் 'ஹ்லாஃபேட்டா' வருகிறது. நேர்ப்பொருள், ரொட்டி தின்பவன்; அதாவது ஒருவர் வீட்டுச் சோற்றை நம்பி வாழும் ஆள். சாதாரணக் குடியானவனின் 'ரொட்டி தின்பவனை'க் கொன்றால் 6 ஷில்லிங் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். காப்பவர், பிசைபவள், தின்பவன் என்று ஒரு வீடே ரொட்டியைச் சுற்றி நிற்கிறது. செஞ்சோற்றுக்கடன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாததல்ல. தின்பவனுக்கான சொல் மட்டும் வழக்கொழிந்துபோனது.