கசிவு மின்னோட்டம்: ஒய் கெபாசிட்டரைப் பெரிதாக்காதீர்கள்

வணக்கம். உங்கள் இரட்டைப் பின் பிளக் கால் மசாஜர் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கடத்து உமிழ்வுச் சோதனையில் (மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சலை அளப்பது) தோற்றது என்று எழுதியிருந்தீர்கள். ஒய் கெபாசிட்டரை (மின்மாற்றியின் இரு பக்கங்களையும் இணைத்து இரைச்சலைத் திருப்பி அனுப்பும் பாதுகாப்புக் கெபாசிட்டர்) 2.2-லிருந்து 4.7 நானோஃபாரட் ஆக்கியதும் அதில் தேறியது, ஆனால் கசிவு மின்னோட்டச் சோதனையில் (தொடுபவர் உடம்பு வழியே எவ்வளவு மின்சாரம் கசியும் என்று பார்ப்பது) மாட்டிக்கொண்டது. காரணம் அந்தக் கெபாசிட்டரேதான். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 4.7 நானோஃபாரட் 0.34 மில்லி ஆம்பியர் வரை கடத்தும். மோட்டார் சாதனம் என்பதால் சோதனையில் 1.06 மடங்கு வோல்டேஜ் வேறு கொடுப்பார்கள். உங்களுடையது போன்ற எர்த் இல்லாத இரட்டைக் காப்புச் சாதனத்துக்கு வரம்போ 0.25 மில்லி ஆம்பியர்.

பழைய 2.2-க்கே திரும்புங்கள். ஒய்1 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ளதாகவே இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சாதாரண நீல செராமிக் வேண்டவே வேண்டாம், அது ஷார்ட் ஆனால் தொடுபவர் உடம்பில்தான் மின்சாரம் பாயும்.

இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்கப் பாருங்கள். முதலில் வெளியீட்டு டையோடுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (அதிர்வை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி) போடுங்கள். அப்புறம் ஒய் கெபாசிட்டருக்குப் போகும் செம்புத் தடத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். என் சர்க்யூட் பலகையில் அது பலகையையே சுற்றி வந்தது. கெபாசிட்டரின் கால்களை நேராக மின்மாற்றிக்கு அடியில் வைத்ததும் 7 மெகாஹெர்ட்ஸ் முனை சட்டென்று இறங்கியது. ஒரு பைசா செலவில்லை, ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் போனது! இதற்கும் மசியவில்லை என்றால் காமன் மோட் சோக்கை (மின் உள்ளீட்டில் இரைச்சலைத் தடுக்கும் சுருள்) பெரிதாக்குங்கள்.

மாற்றியபின் உமிழ்வு, கசிவு இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.