மரங்களில் இருக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களை எப்படித் தேடுவது? எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். புழுவின் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். "பச்சை நிறம், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, இது என்ன புழு?" என்று படத்தை மட்டும் போடுவார்கள். இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பச்சையும் வெள்ளைக் கோடும் அதில் எத்தனைக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த இலையைத் தின்றுகொண்டிருந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் தேட வேண்டிய பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். எல்லா இலையையும் மேயும் புழுக்களும் உண்டுதான். ஆனால் ஒரே குடும்பத்துச் செடிகளை விட்டு நகராதவை ஏராளம்.

சரி, தேடுவது எப்படி? புழுவைத் தேடாதீர்கள், அதன் புழுக்கையைத் தேடுங்கள். நந்தியாவட்டை ஒன்றின் அடியில் மிளகளவு உருண்டைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்து ஒருமுறை நின்றேன். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தால் குட்டிப் பீப்பாய் மாதிரி, நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக இருந்தது. அப்படி இருந்தால் பருந்து அந்துப்பூச்சி (hawk moth) என்று முக்கால்வாசி முடிவு கட்டிவிடலாம். ஈரமும் பச்சையுமாக இருந்ததால் ஆள் இன்னும் மேலேதான் இருக்கிறது. நேர் மேலே இருந்த கிளையை அரைமணி நேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், இலையே இல்லாத ஒரு காம்பு மட்டும் ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று தோன்றியது. கிட்டப் போய் விரலால் காம்பை லேசாகத் தட்டினேன். காம்பு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, கழுத்துப் பக்கம் உப்பி இரண்டு நீலக் கண்கள் திறந்தன. அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்னும் டாஃப்னிஸ் நேரியையின் புழு அது. அந்தக் கண்கள் வெறும் புள்ளிகள்தான், நிஜக் கண்கள் தலையில் பொடிப்பொடியாக இருக்கும். தெரிந்திருந்தும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

புழுக்கைக்கு அடுத்தபடியாகக் கடித்த விதத்தைப் பாருங்கள். சின்னப் புழு இலையின் மேல்தோலை மட்டும் சுரண்டும், வளர்ந்தது விளிம்பிலிருந்து அரைவட்டமாக வெட்டிக்கொண்டே வரும். தேக்கில் இது நன்றாகத் தெரியும். இலை முழுக்க நரம்பு வலையாகச் சல்லடைபோல நின்றால் யூடெக்டோனா என்ற அந்தின் புழு, தளிரில் பெரிய நரம்புகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதெல்லாம் போயிருந்தால் ஹிப்ளேயா என்ற இன்னொரு அந்தின் புழு. புழுவைப் பார்க்காமலேயே இவ்வளவு சொல்லலாம். சுருட்டிய இலை, மடித்து நூலால் தைத்த இலை, இலைக்குள்ளேயே வெள்ளைக் கோடாக ஓடும் சுரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது.

இலையில் தேடிக் கிடைக்காவிட்டால் பட்டையைப் பாருங்கள். முருங்கையின் கம்பளிப்புழுக்கள் பகலில் அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டையில் பாசி பிடித்த மாதிரிதான் இருக்கும். பகலில் ஒளிந்துகொண்டு இரவில் தின்பவை ரொம்ப அதிகம் என்பதால் டார்ச்சோடு போவது நல்லது, அதிலும் புற ஊதா டார்ச் கிடைத்தால் விடாதீர்கள். பகலில் இலையோடு இலையாக மறைந்திருக்கும் பல பச்சைப் புழுக்கள் அந்த வெளிச்சத்தில் தனியாகப் பளிச்சென்று மின்னும். எல்லாம் மின்னாது, ஆனால் மின்னுகிறவை வேலையைப் பாதியாக்கிவிடும். அதன் ஒளியை நேராகக் கண்ணில் படவிடாதீர்கள். பகலில் இன்னொரு வழி: வெளிர்நிறக் குடையைத் தலைகீழாகக் கிளைக்கடியில் பிடித்துக் கிளையைக் குச்சியால் இரண்டு தட்டு தட்டுவது. விழுவதில் பாதி சிலந்தியாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிடைத்துவிட்டதா? இப்போது கால்களை எண்ணுங்கள். இது நிறத்தைவிட நூறு மடங்கு நம்பகமானது. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மெய்க்கால்கள் கூர்மையாக இருக்கும். அதற்கப்புறம் சதைப்பற்றான பொய்க்கால்கள், பொதுவாக நடுவயிற்றில் நான்கு ஜோடி, வால்நுனியில் ஒரு ஜோடி. நடுவில் ஒரே ஜோடியும் வால்நுனியில் ஒன்றும் மட்டும் இருந்து, உடம்பை வளைத்து வளைத்து அளந்துகொண்டு நடந்தால் அது ஜியோமெட்ரிடே குடும்பம். ஆமணக்கின் காவடிப்புழுவும் வளைந்துதான் நடக்கும், ஆனால் அதற்கு நடுவில் பொய்க்கால்கள் கூடுதலாக இருக்கும், வேறு குடும்பம். பொய்க்கால் மொத்தம் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் அது பெரும்பாலும் அந்துப்பூச்சியே அல்ல, குளவிக்கு உறவான ரம்ப ஈயின் புழு. இதில் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். வால்பக்கம் கொம்பு இருந்தால் பெரும்பாலும் பருந்து அந்து. காலே தெரியாமல் நத்தை மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் நத்தைப்புழு, அதைக் கையால் தொடக் கூடாது. முள்ளும் முடியும் உள்ள எதையும் தொடாதீர்கள். முடி குத்திவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எரிச்சல் பரவினாலோ கண்ணில் பட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நிறத்தை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், அது புழுவின் வாழ்நாளிலேயே மாறிக்கொண்டிருக்கும். நான் சொன்ன அதே டாஃப்னிஸ், குட்டியாக இருக்கும்போது கொம்பு கறுப்பாக உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். வளர்ந்தபின் கொம்பு மஞ்சளாகக் குட்டையாகிவிடும். கூட்டுப்புழுவாகும் நேரம் வந்ததும் பச்சை போய் முதுகெல்லாம் பழுப்பேறி, மரத்தை விட்டு இறங்கிச் சருகைத் தேடி நடக்க ஆரம்பிக்கும். அப்படி ஒன்று சுவரில் ஊர்ந்ததைப் படமெடுத்து, உயிரினப் படங்களைப் போட்டால் மற்றவர்கள் இனம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் வேறு இனமாகப் பதிந்து வைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருவர் வந்து திருத்தினார், வெட்கமாகத்தான் இருந்தது. இதில் இன்னொரு பாடமும் எனக்குக் கிடைத்தது. நடந்துகொண்டிருக்கும் புழு எந்த மரத்தில் இருந்தாலும் அது அதன் உணவு மரம் என்று எழுதாதீர்கள். தின்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் பொய்க்கால் தெரிய ஒன்று, தலைக்கு நெருக்கமாக ஒன்று, அப்புறம் இலையும் அது கிளையில் சேரும் இடமும் தெரிய ஒன்று வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருந்தால் இன்னும் நல்லது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இப்படி நான்கு படம் போட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். மரத்தின் பெயரை வைத்துத் தேட லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஹோஸ்ட்ஸ்' தரவுத்தளம் இருக்கிறது. அதில் பழைய பதிவுகளில் தவறுகளும் உண்டு, ஒரே ஒரு பதிவை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

இத்தனைக்கும் மசியாத புழு என்றால் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. காற்றுப் போகும் பெட்டி, அடியில் காகிதம், தினமும் அதே மரத்திலிருந்து புது இலை. தண்ணீர் வைக்க வேண்டாம், இலையின் ஈரமே போதும். பெட்டிச் சுவரில் நீர் கோத்தால் நோய் வந்து செத்துவிடும். மண்ணில் இறங்கும் வகை என்று சந்தேகம் இருந்தால் ஒரு கை சருகும் மண்ணும் போடுங்கள். சில இரண்டு மூன்று வாரத்தில் வெளியே வரும், சில மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வெளியே வருவது அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. போன முறை நான் வளர்த்த ஒன்று, திடீரென்று தின்பதை நிறுத்தியது. மறுநாள் காலை அதன் முதுகில் அரிசிமணி மாதிரி வெள்ளைக் கூடுகள், எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. ஒரு வாரம் கழித்துக் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புக் குளவிகள், புழுவுக்குள்ளேயே தின்று வளர்ந்தவை, பெட்டியெங்கும் பறந்தன. அந்தப் பதிவில் இன்றுவரை மரத்தின் பெயர் இருக்கிறது, குளவியின் படம் இருக்கிறது, புழுவின் இனம் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே கிடக்கிறது.