ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி அடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து ஐந்து மாதம் முன்பு மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்தார்கள். அது திரும்ப அடைத்துக்கொள்ளும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பல் பிடுங்க வேண்டும் என்பதால், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இரண்டு மாத்திரைகளையும் அவராகவே நேற்று நிறுத்திவிட்டார். சரியா?

பதில்: சரியில்லை. முதலில் அவருடைய இதய மருத்துவரை இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறு கம்பி வலை. அது இரண்டு விதமாக அடைக்கும். ஒன்று, ரத்தக்குழாய்க்குள் கம்பி வலையை விரிக்கும்போது உட்சுவரில் காயம் படுகிறது. அது ஆறும்போது, வெட்டுக்காயத்தில் தழும்பு தடிப்பதுபோல் உள்ளே திசு வளர்ந்து, சில மாதங்களில் வழியைக் குறுக்குகிறது. இதைத் தடுக்க வந்ததுதான் மருந்து ஸ்டென்ட். முதலில் தடவிய மருந்து சிரோலிமஸ். ஈஸ்டர் தீவிலிருந்து 1964-இல் எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரி தந்தது. பூஞ்சைக்கு மருந்து தேடப்போய்க் கிடைத்த அது, செல்கள் பெருகுவதையும் நிறுத்தியது. 2002-இல் வெளியான ராவல் ஆய்வில், வெறும் கம்பி வலை வைத்தவர்களில் நான்கில் ஒருவருக்குமேல் ஆறு மாதத்தில் மறுபடி சுருங்கியிருந்தது. மருந்து வலை வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் அது பூஜ்ஜியமாகவே நிற்கவில்லை. ஆனாலும் வெறும் வலையைவிட மிகக் குறைவு.

இரண்டாவது, ரத்தக்கட்டி. தழும்பைத் தடுக்கும் அதே மருந்து, கம்பியின்மேல் மெல்லிய தோல்போல் படர வேண்டிய நல்ல செல்களையும் மெதுவாக்குகிறது. அந்தத் தோல் மூடும்வரை கம்பி ரத்தத்தில் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். அதில் ரத்தம் ஒட்டி உறையாமல் காப்பது அப்பா நிறுத்திய அந்த மாத்திரைகள்தான். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு இரண்டும் வேண்டும். தழும்பு மெதுவாக வரும். மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம் என்று முன்கூட்டியே சொல்லும், மருந்து பூசிய பலூனால் சரிசெய்யவும் முடியும். ரத்தக்கட்டி நிமிடங்களில் அடைத்துவிடும். திடீர் நெஞ்சுவலி, வியர்வை என்றால் 108-ஐ அழையுங்கள்.

பல்லுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பஞ்சை அழுத்திக் கடித்தாலோ ஒரு தையல் போட்டாலோ ரத்தம் நின்றுவிடும். மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதய மருத்துவரோடு அவர் பேசிவிட்டுப் பிடுங்கட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா, புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டென்டுக்குள் தழும்பு வளர்வது அதிகம்.